வெறுங்கைகள் வரைந்த கோடுகள்

ரெபேக்கா இறந்துவிட்டதாக அவருடைய தம்பி ஜான்சன் போனில் சொன்னபோது நான் மறைமலை நகரில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். புற்றுநோய் முற்றிவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் ரெபேக்காவின் எண்ணையே தேடிக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தியையும் முதலில் அவரிடம் சொல்லியே பழகிவிட்டது.

ஒரகடத்தில் கார் டாஷ்போர்டு வடிவமைக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எங்கள் மேஜைகள் அடுத்தடுத்து இருந்தன. அவர் டிசைனர், நான் ப்ரோகிராமர். ஒரு மாலை, பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணின் கைகளையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணின் பெயர் கலா. கார்களுக்கான வயர்களைக் கட்டாகச் சேர்க்கும் தொழிற்சாலையில் வேலை. தோழியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைகள் காற்றில் எதையோ எடுத்து, திருப்பி, அழுத்திக்கொண்டிருந்தன. ரெபேக்கா போய் விசாரித்ததும் கலாவுக்கு வெட்கமாகிவிட்டது.

“லைன்ல செய்யறதுதான்கா. வூட்ல டிவி பாத்துகினு இருந்தாலும் கை அது பாட்டுக்குப் போவுது.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ரெபேக்கா என்னிடம், “அந்தக் கை போற வழி மட்டும் கோடா தெரிஞ்சா எப்டி இருக்கும் சுமதி?” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டு மாடியில் கழிந்தன. அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் தொடங்குவோம். கலா தன்னோடு வேலை செய்பவர்களை அழைத்து வருவார். மணிக்கட்டில் சிறிய சென்சாரைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் தங்கள் வேலையைச் செய்துகாட்டுவார்கள். திரையில் கோடு வளரும். முதலில் வந்ததெல்லாம் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி இருந்தது. கை வேகமாகப் போனால் கோடு மெலியவும், மெதுவாகப் போனால் தடிக்கவும் ப்ரோகிராமை மாற்றினேன். உருவங்கள் வரத் தொடங்கின. ஒரே வேலை, ஒரே இடம். ஆனால் ஒருவர் கோடு கொடியாகச் சுருண்டது, இன்னொருவர் கோடு மூலைமூலையாக மடங்கியது. ரெபேக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு அவற்றை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கலாவின் கோட்டில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடித்த சிறு சுழி விழுந்தது. என் ப்ரோகிராமில் தவறு என்று நினைத்தேன். கலா பார்த்துவிட்டு, அது வேலையே இல்லை, தோள் வலிக்கு அந்த இடத்தில் கையை ஒருமுறை தளர்த்திக்கொள்வேன் என்றார்.

செய்தி கலாவின் தொழிற்சாலைக்கும் போனது. ஒரு மேலாளர் வந்து பார்த்தார். புதிய கட்டடத்தின் முகப்புச் சுவர் முழுக்க இந்தக் கோடுகளை வரைந்து தரச் சொன்னார். ரெபேக்கா அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த முறை வந்தபோது மேலாளர் சென்சார் பதிவுகளையும் கேட்டார். கலாவின் சுழியைக் காட்டி, இந்த மாதிரி வீண் அசைவுகளை எடுத்துவிட்டால் லைன் வேகமாகும் என்று மரியாதையாகத்தான் விளக்கினார்.

கோடு வரைந்த ஒவ்வொருவரையும் ரெபேக்கா தேடிப்போய், பதிவுகளைக் கொடுக்கலாமா என்று கேட்டார். “அந்தச் சுழி போச்சுன்னா என் தோளு போயிடும்கா” என்றார் கலா.

எல்லாப் பதிவுகளையும் அழித்துவிடும்படி ரெபேக்கா என்னிடம் சொன்னார். இத்தனை நாள் உழைப்பு, ஒரு பிரதியாவது நான் ஒளித்து வைத்துக்கொள்கிறேன் என்று வாதாடினேன்.

“உன்னாண்ட இருந்தா நாளைக்கு உன்னக் கேப்பாங்க. இல்லாதத யாரும் கேக்க முடியாது” என்றார்.

அழித்தோம். சுவர் கைவிட்டுப் போனது. சில வாரங்கள் அவர் மாடிக்கே வரவில்லை. பிறகு, ஏற்கெனவே அச்செடுத்திருந்த படங்களைப் பெரிய துணிகளில் பதித்து வல்லக்கோட்டை அருகே ஒரு கல்யாண மண்டபத்தில் தொங்கவிட்டார். கலா மகளைக் கூட்டிவந்து தன் துணிக்கு முன்னால் நின்றார். கோட்டின் மேல் விரலை ஓட்டி, சுழி வந்ததும் நிறுத்தினார்.

“இதான் அம்மா மூச்சு வாங்கற எடம்.”

ரெபேக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்க்கப் போனபோது சென்சாரை எடுத்து வரச் சொல்லியிருந்தார். வேலையே இல்லாத கை என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமாம். மணிக்கட்டில் கட்டினேன். அவர் கையைச் சும்மா விட்டுப் படுத்திருந்தார். திரையில் ஒரு கோடு லேசாக நடுங்கிக்கொண்டு நகர்ந்தது, எங்கும் மடங்கவில்லை. களைப்பாகத் தெரிந்ததால் நிறுத்தப் போனேன். தலையை அசைத்து மறுத்தார்.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும். இன்னா பண்ணுதுன்னு பாப்போம்.”

அந்தப் பதிவை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வைத்துக்கொள் என்றார். வைத்திருக்கிறேன்.