படுதாவுக்கு வெளியே

மேல்விஷாரத்தை விட்டு நடந்துகொண்டிருந்தபோதும் என் உள்ளங்கையில் அந்தப் படுதாவின் வாசனை, அத்தரும் அடுப்புப் புகையும் கலந்து, போகாமல் இருந்தது. எனக்குப் பதினான்கு வயது. வேலூருக்குப் போகும் ரோட்டோரமாக, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில், அம்மா என்னை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் 'பாயம்மா'விடம் ஓடுவாள். அவர்கள் வாசலில் கனத்த பச்சைப் படுதா தொங்கும். எவ்வளவு போதையிலும், பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டின் படுதாவைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் அப்பாவுக்கு மறக்காது. வெளியே நின்று கத்திவிட்டுப் போய்விடுவார்.

என் குரல் உடைந்த வருஷம் பாயம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோச்சிக்காதக்கா, பையன் வளந்துட்டான். ஊட்ல வயசுப் பொண்ணுங்க இருக்குது. இனிமே வாசப்படியில குந்தட்டும்."

"அவனுக்கு இன்னா, ஆம்பள," என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த முறை அவள் உள்ளே போனாள், நான் படியில் உட்கார்ந்தேன். அப்பா வந்தார்.

"இன்னாடா, உங்கம்மா மகாராணியாட்டம் உள்ள குந்திக்கினு இருக்குறாளா? நான் கூப்ட்டா வரமாட்டா. நீ கூப்டு." பெல்ட்டைக் கழற்றினார்.

ஓர் அடிகூட விழவில்லை. ஓங்கிய கையைப் பார்த்ததுமே படுதாவைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தினேன். வந்துவிடுவாள் என்று தெரிந்துதான் கத்தினேன். பாயம்மா பிடித்து இழுத்தும் நிற்காமல் வந்தாள். அப்பா தள்ளியதில் படியில் விழுந்து அவள் கை முறிந்தது. தெருப் பெண்கள் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் இல்லாவிட்டால் அவளை வெளியே வரவழைக்க யாராலும் முடியாது என்று, அன்றே ஊரை விட்டு நடக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. கட்டுப் போட்ட கையோடு வந்து, "உனக்கு அடி பட்டுச்சா?" என்று முதலில் என்னைத்தான் கேட்பாள், அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. போன மாதம் அந்தத் தெருவுக்குப் போனேன். படுதா தொங்கிய இடத்தில் இரும்புக் கதவும் கேமராவும் இருக்கின்றன. பாயம்மா குடும்பம் எங்கோ போய்விட்டது. அம்மாவும் இல்லை, சாகும்வரை என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாளாம்.

தேடுவாள் என்று எனக்கு அன்றே தெரியும். நடந்துபோன அன்று வழியில் தோல் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டதில் மறுநாள் காலை ஆம்பூரில் இருந்தேன். அங்கே ஒரு தோல் ஷாப்பில், பதனிடாத பச்சைத் தோலில் உப்பு உதற ஆள் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்னா வந்து கூப்ட்டா ஓடிப்பூடுவியா?"

"போமாட்டேண்ணா," என்றேன்.