புதுப்பந்தை என்னிடமிருந்து பறித்த சறோ அக்கா

பிக்கரிங் போகிற மாலை ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது நஸீரின் அழைப்பு வந்தது. "யோகன், சறோ அக்கா போயிட்டாவாம். காலமைதானாம். மகள் எடுத்துச் சொன்னா." "என்ன?" என்று நான் கத்திய கத்தலில் பெட்டியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அழுகை வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகு நஸீர், "அந்த மெத்தை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான், இறங்கும்வரை இரண்டு பேரும் ஒரே ஒரு பனிக்காலத்தைப் பற்றியே கதைத்தோம். கதைக்கக் கதைக்கச் சிரிப்பு வந்தது. சாவுச் செய்தி கேட்டவன் இப்படியும் சிரிப்பானா என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்! சறோ அக்காவைத் தெரிந்திருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள்.

சரோஜினிதேவி என்ற முழுப்பெயரை நானே நேற்று மரண அறிவித்தலில்தான் பார்த்தேன். மோர்னிங்சைட்டில் அவரோடு ஒரே மாடிக்கட்டடத்தில் இருந்தவர்களுக்கும், ஒரே தொழிற்சாலையில் மாரடித்தவர்களுக்கும் அவர் சறோ அக்காதான். உங்களில் பலருக்கு அவர் நல்ல சமையற்காரி, வாய்க்காரி, கலியாண வீடுகளில் முன்னுக்கு நிற்கிற மனுசி. ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு பேஸ்போல் அணியைத் தூக்கி நிறுத்தியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை. நான் இயந்திரம் ஓட்டினேன், அவர் பொதி கட்டும் வரிசையில் நின்றார். இந்த நகரத்து பேஸ்போல் அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் வென்று, சனம் வீதியில் இறங்கிக் கூத்தாடி முடிந்திருந்த காலம். அந்த வரிசையில் எப்போதும் ஒரு வானொலி பாடிக்கொண்டிருக்கும், பின்னேர வேலையில் அதில் பேஸ்போல் வர்ணனை. அக்கா ஆங்கிலம் படித்தது அதில்தான். சம்பளப் பிரிவில் போய் ஒரு வசனம் கதைக்கத் தடுமாறுவார். ஆனால் ஒருவன் ஏன் மூன்றாம் தளத்தில் அவுட் ஆனான் என்று மேற்பார்வையாளரோடு நின்று ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பார்.

தொழிற்சாலைகளுக்கு இடையே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லீக் நடந்தது. எங்கள் அணியில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு முழங்கால் நோ வந்து ஒவ்வொருவராக விலக, சட்டையும் மட்டையும் கையுறையும் எங்கள் கைக்கு வந்தன. எல்லோரும் யாழ்ப்பாணத்தில் கிறிக்கெற் விளையாடிய ஆட்கள். நான் தலைவன், அதோடு முதலில் பந்தெறிபவனும் நான்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேகம் இருந்தது எனக்கு. அதைவிடப் பெரிய தலைக்கனமும் இருந்தது.

முதல் வருடம் ஒரு ஆட்டம். ஏழு இன்னிங்ஸில் நாலு முடிய நாங்கள் நல்ல முன்னணியில் நிற்கிறோம். எனக்குக் களைத்துவிட்டது. கிறிக்கெற்றில் என்ன செய்வோம்? வேகப் பந்துவீச்சாளன் கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுக் கடைசியில் திரும்பவும் வந்து போடுவான். நானும் அப்படியே வேறொருவனை இறக்கிவிட்டு, ஓரத்து வாங்குப் பலகையில் போய் இருந்தேன். ஓரமாக இருந்து ஸ்கோர் எழுதிய சறோ அக்கா துள்ளி எழுந்தார்.

"டேய் யோகன், வெளியிலை வராதை! பேந்து உன்னைத் திரும்ப விடமாட்டாங்கள்!"

"உங்களுக்கென்ன தெரியும்? சும்மா இருங்கோ அக்கா" என்றேன். வந்தவன் அடி வாங்கத் தொடங்கியதும் நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கதாநாயகன் மாதிரி மைதானத்துக்குள் நடந்தேன். நடுவர் கையை நீட்டி மறித்தார். வெளியே போனவன் அன்றைக்கு வெளியேதான் என்றார். நான் அவரோடு தமிழிலும் வாதாடிப் பார்த்தேன். எங்கள் பக்கம் தோற்றது. அந்த வருடம் முழுக்க இதே கதைதான். நான் எறியும்வரை முன்னணி, நான் களைத்ததும் சங்கு. எனக்குப் பின்னால் வந்து ஆட்டத்தை முடித்துத் தர எங்களிடம் ஆளே இல்லை.

கடைசி இடத்தில் முடித்தோம். லீக் செயலாளர் தன்மையான மனிதர், ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தொழிற்சாலை இடம் கேட்டு நிற்கிறது, அடுத்த வருடமும் கடைசியாக வந்தால் நீங்கள் வெளியே. கன்ரீனில் கூட்டம் போட்டோம். "விடுங்கோடாப்பா, ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளலாம்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சறோ அக்கா மேசையில் ஒரு அடி அடித்தார், தேத்தண்ணி சிந்தியது.

"உங்களுக்கு நித்திரை. எனக்கு என்ன தெரியுமே? கிழமை முழுக்க அதைக் கட்டு, இதைத் தூக்கு எண்டு சொல்லுறாங்கள். 'சறோ, என்ன நினைக்கிறாய்' எண்டு என்னைக் கேக்கிறது அந்த வாங்கிலை மட்டும்தான். அதை நான் விடமாட்டன். ரீமை என்னட்டைத் தாங்கோ."

தந்தோம். வேறு யாரும் பொறுப்பெடுக்கத் தயாராக இல்லை என்பதும் உண்மை.

அந்தப் பனிக்காலம்! அவருடைய திட்டம் ஒன்றே ஒன்றுதான். அடிக்க ஆள் தேட மாட்டார், ஓட ஆள் தேட மாட்டார். பின்னால் வந்து எறிய மூன்று பேர் வேண்டும். வெளியாட்கள் மூவரைச் சேர்க்கலாம் என்று லீக் விதியில் இடமிருந்தது. நாங்கள் நல்ல பந்துவீச்சாளர்களின் பெயர்களைச் சொன்னோம். "உவங்கள் வேண்டாம்" என்றார். "கையை நீட்டிச் சுழட்டிப் பழகினவங்களை நான் எத்தினை மாதத்திலை மாத்துறது?"

பிறகு நடந்ததை நான் ஒரு கலியாண வீட்டில் கண்ணால் கண்டேன். பந்தியில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அக்கா ஒரு கிறிக்கெற் கழகத்துக்காரரின் முன்னால் போய் நின்று கேட்கிறார்: "அண்ணை, உங்கடை கிளப்பிலை பந்து போடாமல் எறியிறான் எண்டு நிப்பாட்டின பெடியன் ஆரும் இருக்கிறானே?" அந்த மனிதருக்குப் புரையேறிவிட்டது. கிறிக்கெற்றில் முழங்கையை மடக்கி எறிவது பெரிய குற்றம், மானக்கேடு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அக்கா அந்த மானக்கேட்டைத்தான் வீடு வீடாகத் தேடினார். பேஸ்போலில் அதுதானே வேலை!

அப்படி அகப்பட்டவன்தான் நஸீர். மன்னார்ப் பக்கத்து ஆள், குழாய் பொருத்துகிற வேலை, மல்வேர்னில் ஒரு வரிசைவீட்டில் இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய ஆட்டத்தில் அத்தனை சனத்துக்கும் முன்னால் நடுவர் திரும்பத் திரும்பக் கையை நீட்டி, இவன் எறிகிறான் என்று காட்டிவிட்டார். அன்றோடு பந்தைத் தொடவில்லை. மாசி மாதக் குளிரில் அக்காவும் நானும் போய்க் கதவைத் தட்டினோம். விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தான்.

"என்னைய நக்கலடிக்கவா அக்கா இவ்வளவு பனியில வந்தீங்க? என்ட கை மடங்குதுன்னு ஊருக்கே தெரியும்."

"மடங்கட்டும் தம்பி! நல்லா மடங்கட்டும்! அதுக்குத்தானே வந்தனான்!"

அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். உள்ளே இருந்து அவன் மனைவி, "முதல்ல கதவச் சாத்திட்டுக் கதைங்க, வீடு குளிருது" என்றார். தேநீர் வந்தது, வட்டிலப்பம் வந்தது. அரை மணித்தியாலத்தில் அக்கா ஒரு தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரலை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவனுடைய கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் எரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பயிற்சி அக்காவின் கட்டடத்து நிலக்கீழ்க் கார்த் தரிப்பிடத்தில். யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய மெத்தையைச் சுவரோடு நிமிர்த்திக் கட்டி, கறுப்பு ஒட்டுநாடாவால் ஒரு பெட்டி ஒட்டினார். அதற்குள் எறிய வேண்டும். ஞாயிறு காலைகளில் டம், டம் என்று கட்டடமே அதிரும். பராமரிப்பாளர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அக்கா அவருக்கு, நாங்கள் மிதிவெடி என்று சொல்கிற முட்டை ரோல் ஒரு பெட்டி கொடுத்தார். மூன்றாம் கிழமை அவரே மெத்தைக்குப் பக்கத்தில் நின்று, பந்து பெட்டிக்குள் போனதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நஸீரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் இடக்கையால் ஆமை வேகத்தில் எறிவான், ஆனால் பந்து எங்கே போகுமென்று அடிப்பவனுக்கும் தெரியாது. மற்றவன் ஜெயம், எல்லைக்கோட்டிலிருந்து நேரே விக்கெற்றுக்கு எறிந்து பெயர் வாங்கியவன். மூன்று பேரும் தயார் என்று நாங்கள் கைதட்டினோம். அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"யோகன், நீ இனி முதல் போடுறேல்லை. முதல் ஜெயம் போடட்டும். நீ கடைசி."

கிறிக்கெற் விளையாடியவர்களுக்குத் தெரியும், புதுப்பந்து யார் கையில் கொடுக்கப்படுகிறதோ அவன்தான் ராசா. பதினாறு வயதிலிருந்து புதுப்பந்து எனக்குத்தான். "என்னைக் கழிச்சு விடுறியளோ?" என்று சத்தம் போட்டேன்.

"விசரா, கேள். அங்கை கிறிக்கெற்றிலை முதல் போட்டவன் கடைசியிலையும் வந்து போடலாம். இஞ்சை ஒருக்கா வெளிக்கிட்டால் சரி, அவ்வளவுதான். அப்ப நல்லவனை எங்கை வைக்கிறது? தலைப்பிலையோ, முடிவிலையோ?"

அவரோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. வேலையில் அவருடைய வரிசையைச் சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவே இல்லை. மூன்றாவது கிழமை மெத்தைக்கு முன்னால் போய் நின்றேன். "பிந்தி வாறாய். கையைச் சூடாக்கு" என்றார்.

கோடையில் ஆட்டங்கள் தொடங்கி, போகப்போக ஐந்தாவது இன்னிங்ஸ் வந்தாலே எதிரணிக்கு முகம் மாறத் தொடங்கியது. முதலில் ஜெயத்தின் வேகம், அதன்பின் அந்த ஆமை, பிறகு நானும் நஸீரும். சில நாள் நஸீர் முடிப்பான், சில நாள் நான் முடிப்பேன். ஆனாலும் தொடக்கத்தில் நிறையத் தோற்றிருந்ததால், கடைசி ஞாயிறு எங்களுக்கு வாழ்வா சாவா என்று வந்து நின்றது. வென்றால் லீக்கில் இருப்போம். தோற்றால் அக்காவுடைய வாங்கும் போய்விடும்.

ஏழாவது இன்னிங்ஸ். ஒரே ஓட்டத்தால் முன்னணி. பந்து என் கையில். மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஆட்டம் முடிந்தது. முதலாவது ஆளை அவுட் ஆக்கினேன், எங்கள் பக்கம் வானம் இடிந்தது மாதிரிச் சத்தம். அதன்பின் கை என் சொல் கேட்கவில்லை. அந்தக் கிழமை ஆறு நாளும் இரட்டை வேலை செய்திருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. நாலு பந்து பெட்டிக்கு வெளியே போக, ஒருவன் முதல் தளத்துக்குச் சும்மா நடந்தே போனான், அடுத்தவன் அடித்துப் போனான், மூன்றாமவனும் நடந்து போனான். மூன்று தளத்திலும் ஆள். சறோ அக்கா எழுந்து வந்தார். வேலைச் சப்பாத்து, அணித் தொப்பி, மேலே ஒரு பெரிய சுவெற்றர். பந்தெறிகிற மேட்டில் ஏறி எனக்கு முன்னால் நின்றார்.

"பொய் சொல்லாமல் சொல்லு யோகன். ஏலுமோ?"

மறுபக்கம் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் மனைவி பார்க்கிறாள். யாழ்ப்பாணத்தில் என்னோடு விளையாடியவர்கள் பார்க்கிறார்கள். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தேன். அவர் எனக்காகப் பயப்படவில்லை, என்மேல் கோபமும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏலாது அக்கா" என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று சொல்லவில்லை. "சரி, தா" என்று கையை நீட்டினார். நான் பந்தை அந்தக் கையில் வைத்தேன். நஸீர் ஓடி வந்தான்.

அவன் எறிந்தது ஒரே ஒரு பந்து. அடித்தவன் அதை நிலத்தோடு அடித்தான், பந்து நேராக நஸீரின் கையுறைக்குள் வந்தது. அவன் வீட்டுத் தளத்துக்கு எறிந்தான், அங்கே ஒருவன் அவுட். அங்கிருந்து முதல் தளத்துக்கு, அங்கே அடித்தவனும் அவுட். முடிந்தது! நான் கத்திய கத்தலில் மூன்று நாள் தொண்டை கட்டிப்போனது. எல்லை ஓரத்தில் நஸீரின் மனைவி என் மனைவியைக் கட்டிப்பிடித்துத் துள்ளினார். சறோ அக்கா வாங்கில் இருந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ஸ்கோரை எழுதி முடித்துவிட்டுத்தான் அழுதார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம். தொழிற்சாலை மூடியது, அணி கலைந்தது, நாங்கள் திசைக்கொருவராகப் போனோம். நாளை அவரை வழியனுப்ப வருகிறவர்கள் அவரிடமிருந்து தங்களுக்குக் கிடைத்ததைச் சொல்வார்கள். என்னிடம் இருப்பது அந்த நீட்டிய கை. இன்றைக்கு எனக்குக் கீழே நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். எப்போதாவது ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "அண்ணை, இண்டைக்கு என்னாலை ஏலாது" என்கிறான். ஏனடா என்று கேட்கத்தான் என் வாய் முதலில் உன்னும். கேட்பதில்லை. "சரி, தா" என்று அவனுடைய வேலையை வாங்கிக்கொள்கிறேன்.