திராட்சைக் குலைக்கு எக்ஸ்எல் பனியன்

மழையில் கெட்ட திராட்சைக் குலையை ஆய்வுக்குழு பார்க்கும்வரை கொடியிலிருந்து அகற்றக் கூடாது. மீறினால் நிவாரணம் இல்லை, பந்தல் மானியத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். எங்கள் தோட்டக்கலை அலுவலகத்தில் எனக்கு மனப்பாடமான விதி இது. எழுதியவர் காலத்தில் மழை மாதம் பார்த்துப் பெய்தது. கெட்ட குலை வெயிலில் காய்ந்து, குழு வரும்வரை சமர்த்தாகத் தொங்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கோடையில், உடுமலைப்பேட்டைப் பக்கம் கந்தசாமியின் தோட்டத்துக்குப் போனேன். அவருக்கு அருள்புரத்தில் பனியன் கம்பெனி. மாசியிலேயே வெயில் பழத்தைச் சுட்டதால், கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒவ்வொரு குலைக்கும் பனியன் தைத்து மாட்டியிருந்தார். ஸ்மால் முதல் எக்ஸ்எல் வரை. சலவைக் குறிப்பு லேபிளும் உண்டு.

"லேபிள் எதுக்குங்க?"

"டெய்லருக்குக் கை பழகிப்போச்சுங்க."

வெயிலுக்குச் சரி. பங்குனியில் மழை கொட்டியது. பருத்தித் துணி குடித்த தண்ணீரை விடவேயில்லை. பழம் வெடித்து, உள்ளேயே புளித்து, பனியன் நுனியில் ஒயினாகச் சொட்டியது. மைனாக்கள் பறக்க முடியாமல் நடந்தே போயின.

வாசம் பிடித்து மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். "லைசென்ஸ் இல்லாம காய்ச்சறீங்களா?"

"நானெங்கீங்க காய்ச்சுனேன்? மேல கேளுங்க" என்று கந்தசாமி வானத்தைக் காட்டினார்.

"அத்தனையும் சாட்சிப் பொருள். யாரும் தொடக்கூடாது." காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார். சாயங்காலம் அந்தக் கான்ஸ்டபிளுக்கே காவல் தேவைப்பட்டது.

கந்தசாமி என்னிடம் வந்தார். "பழம் போய்த் தொலையட்டுங்க சார். பூஞ்சை கொடிக்கு ஏறுது. கொடியவாவது காப்பாத்திக் குடுங்க."

குலைகளை அகற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன். காய்ச்சியது யார் என்று எழுத முடியாமல் போலீஸ் வழக்கைக் கைவிட்டது. எங்கள் விதி கைவிடவில்லை. சித்திரையில் மறுபடி மழை. பூஞ்சை பனியனிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து தண்டுக்கும் போனது. வைகாசியில் கொடிகள் செத்தன. செத்த கொடியைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. ஆகவே முறைப்படி பிடுங்க அனுமதித்தேன்.

இளைய அலுவலர்களுக்குச் சொல்கிறேன்: விதியைப் படித்தால் போதாது. எந்தக் காலத்து வானத்தை நம்பி எழுதினார்கள் என்றும் பாருங்கள்.

கந்தசாமி அதே நிலத்தில் மூலனூர் முருங்கை நட்டுக்கொண்டிருந்தபோது மேலிடத்துப் பதில் வந்தது: "குலைகளைப் பனியன்களுடன் அப்படியே வைத்திருக்கவும். குழு வரும்."

அன்று ஆடிப்பதினெட்டு.