ஒரே ஒரு காருக்கான கைப்பிடி

என் மனைவி லேத் பட்டறை நடத்துகிறாள். எனக்கு அதில் போன் எடுக்கும் வேலை, விலை சொல்லும் வேலை, சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை. கால் வராதவர்கள் கையாலேயே பிரேக் பிடிக்க அவள் கைப்பிடி செய்கிறாள். காருக்குக் கார் அளவு மாறும். வருஷத்துக்கு நாற்பது போனால் பெரிய விஷயம்.

அப்படிக் கால் வராத ஒரு டீச்சருக்கு ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே பஸ் போகாது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை கைவிட்டுப் போகும். பழைய கார் ஒன்றை வாங்கி, ஆள் வைத்து ஓட்டிவந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, கைப்பிடிக்கு ஆர்டர் கொடுத்தார். விலைக்கு அன்று தலையாட்டியவர், வியாழக்கிழமை பாதிப் பணத்தோடு வந்தார்.

“ஒரு சாண் இரும்புக்கு ரெண்டு மாசச் சம்பளமா? மனசாட்சியே இல்லையா உங்களுக்கு?”

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் காருக்கென்று முதலில் கடைந்த கைப்பிடி, சிவப்புப் பெயிண்ட் தடவிக் கழிவுப் பெட்டியில் கிடந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பெயிண்டைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினேன்.

“பாதி விலைக்கு இதை எடுத்துக்குங்க டீச்சர். வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்.”

அவளுக்குத் தெரியாமல் எங்கள் பட்டறையில் ஈ கூட உட்காராது. பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து, கைப்பிடியை எங்கள் கண்முன்னாலேயே மெஷினில் அறுத்து இரண்டாக்கினாள்.

“உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? பிரேக் கம்பி மாட்டுற துளை பெருசுன்னுதானே கழிச்சேன்? இழுத்துப் பிடிச்சா வழுக்கிடும்.”

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். “மேடம், இதைக் கடையறதுக்குப் பத்து நிமிஷம்தான். மெஷினை உங்க காருக்குன்னு செட் பண்ண ரெண்டு நாள். அளவு சரியா வர்றதுக்குள்ள ஒண்ணு வீண். தாங்குமான்னு உடைச்சுப் பாத்தது இன்னொண்ணு. ஆயிரம் பேர் வாங்கினா இந்தச் செலவு ஆளுக்குத் துளிதான். நீங்க ஒருத்தர்தானே, மொத்தமும் உங்க தலையில விழுது.”

“எனக்காக ஒண்ணை உடைச்சீங்களா?” டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

“உடைச்சுப் பாக்காம எப்படிக் குடுப்பேன்? சனிக்கிழமை வரைக்கும் செட்டிங்கைக் கழட்ட மாட்டேன். இதே கார் வெச்சிருக்கிற, கைப்பிடி தேவைப்படுற இன்னொருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் பாதிக்குப் பக்கமா வரும்.”

சனிக்கிழமை மதியம் வரை ஆளைக் காணோம். அடுத்த ஆர்டர் காத்திருந்தது. என் மனைவி ஸ்பானரை எடுப்பாள், கீழே வைப்பாள், வாசலைப் பார்ப்பாள். அவளுக்கு வாய்தான் காரம்.

நாலு மணிக்கு டீச்சர் ஒரு கடிகாரக் கடைக்காரரோடு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பெட்ரோல் பங்காக விசாரித்து ஆளைப் பிடித்தாராம். உட்காருவதற்கு முன்பே கடைக்காரர் பேரம் பேச ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

“உடைச்சுப் பாத்துட்டுத்தான் நமக்குத் தர்றாங்க. பேசாம பணத்தை எடுத்துக் குடுங்க சார்.”

கைப்பிடியைப் பூட்டியதும் டீச்சர் தெருவில் ஓட்டிப் பார்த்தார். முக்கில் ஒரு சைக்கிள் சட்டென்று குறுக்கே வந்தது. பலம் மொத்தத்தையும் போட்டு இழுத்தார். கார் அப்படியே நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பாதி விலைக்கு நான் கொடுக்கப் பார்த்தது அந்த இழுப்பில் வழுக்கியிருக்கும்.

“அடுத்த கார் அளவைக் கொண்டு வாங்க” என்று உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.