அரக்கு வைத்த புட்டி

எங்கள் சித்தப்பா விரதம் இருந்ததை நான் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். திண்டிவனம் கடைத்தெருவில் சித்தப்பாவுக்கு எண்ணெய்க் கடை. அப்பா விழுப்புரம் ரயிலடியில் வேலை பார்த்ததால் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். கல்யாணமாகாத சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். நல்லெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த அந்த நாளில் அவருக்கு மட்டும் எங்கிருந்தோ டின் டின்னாக வந்து இறங்கும். வரும்போது டின் மொட்டையாக இருக்கும். லட்சுமி படமும் 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' என்ற எழுத்தும் அச்சடித்த தாளைக் கஞ்சிப் பசை தடவி அதில் ஒட்டுவது என் வேலை. கொஞ்சமும் கோணாமல் ஒட்டுவேன். எங்கள் வீட்டுச் சமையலுக்கு மட்டும் எண்ணெய் வேறொரு கடையிலிருந்து ஒரு தூக்குவாளியில் வரும். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் மழை நின்ற கையோடு எங்கள் தெருவில் ஜனங்களுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் எதிர்வீட்டுத் தையல்காரர், பிறகு அவர் பெண்சாதி, அப்புறம் மூலைவீட்டில் மூன்று பேர். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியும் வீக்கம் வடியவில்லை. பட்டப்பகலில் தெரு வெறிச்சென்று கிடக்கும். வாசலுக்கு வாசல் யாராவது காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருப்பார்கள். பேச்சுச் சத்தமே இருக்காது, மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். நான் பசைக் கிண்ணத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவர் பாதி விற்றிருந்த டின்னைத் திறக்கச் சொல்லி, எண்ணெயை மூன்று புட்டிகளில் ஊற்றினார். தக்கை அடைத்து நூல் சுற்றினார். மெழுகுவத்தியில் சிவப்பு அரக்கை உருக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டு முத்திரை குத்தினார்.

"ஒண்ணு மெட்ராசுக்குப் போவும், ஒண்ணு ஆபீசுல இருக்கும், இது உங்ககிட்ட. அரக்கு ஒடைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்த டின்னுலேர்ந்து ஒரு சொட்டு விக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒலக்கூரில் ஒரு மந்திரவாதி பேயைப் புட்டியில் அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவனும் இதே மாதிரி தக்கை, நூல், அரக்கு என்றுதான் செய்தான். வீட்டுக்கு ஓடிப் போய், எண்ணெயில் இருந்த கெட்டதை இன்ஸ்பெக்டர் அதே மாதிரி புட்டியில் கட்டிவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சாயங்காலம் சித்தப்பா டின்னையும் புட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். புட்டியைக் கூடத்து மாடத்தில் வைத்தார். அம்மா டின்னை எட்டிப் பார்த்தாள்.

"கெட்டத எல்லாம் புட்டியில கட்டிக்கினு பூட்டாரே, மிச்சம் நல்லதுதானே தம்பி? அரை டின்னு எண்ணெய யாருனா சும்மா வெச்சிருப்பாங்களா? இனிமே தூக்குல வேற வாங்கிக்கினு வரவாணாம்."

சித்தப்பா வாயைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்றால் அம்மா ஏன் என்று கேட்பாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, "உங்க இஷ்டம் அண்ணி" என்றார். "எனக்கு மட்டும் இன்னிலேர்ந்து எண்ணெ பட்டது எதுவும் வாணாம். கேஸ் நல்லபடியா முடியிற வரைக்கும் விரதம்."

அம்மா உருகிப் போனாள். அன்று முதல் அவருக்குத் தயிர்சோறும் உப்பும்தான். எங்களுக்கு அப்பளம், வடை, வதக்கல் என்று சண்டைக் காலத்தில் யாருக்கும் வாய்க்காத சாப்பாடு.

புட்டி மாடத்திலேயே இருந்தது. மத்தியானம் ஓட்டுச் சந்து வழியாக வெயில் அதன்மேல் விழும்போது உள்ளே துருப்பிடித்த மாதிரி ஒரு நிறம் தெரியும். அந்த நேரத்தில் நான் கூடத்தைத் தாண்ட மாட்டேன். "கட்டிப் போட்டது என்னாடி பண்ணும்?" என்று அம்மா சிரிப்பாள். அடுப்பில் இருந்த வாணலியிலும் அதே நிறம்தான். அதைப் பார்த்து நான் பயப்படவில்லை.

மாசம் திரும்புவதற்குள் அம்மாவுக்குக் கால் வீங்கியது. எனக்கும் லேசாக வீங்கி வற்றிவிட்டது. அம்மாவுக்கு வற்றவில்லை. அப்பா கூட்டிவந்த டாக்டர் புட்டியில் மருந்து கொடுத்தார். நான் அம்மா காலடியில் உட்கார்ந்து விளையாடுவேன். விரலால் அழுத்திக் குழி பண்ணிவிட்டு, அது மேலே வரும்வரை எண்ணுவது விளையாட்டு. முதலில் பத்துக்குள் வந்துவிடும். பிறகு முப்பது ஆனது, அப்புறம் அறுபது. அம்மாவும் மூச்சிரைக்க என்னோடு சேர்ந்து எண்ணுவாள்.

ஒரு மத்தியானம் நான் நூறு வரை எண்ணினேன். குழி மேலே வரவேயில்லை. அம்மா பாதியிலேயே எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். தோற்றுவிட்டாய் என்று சொல்ல நிமிர்ந்தேன். அவள் கண் மாடத்துப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது, இமைக்கவில்லை. ஐயோ, என் அம்மா.

எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருக்கிறது, கால் வீங்கியதெல்லாம் அந்த விஷத்தால்தான் என்று மெட்ராசிலிருந்து காகிதம் வந்தது ரொம்ப நாள் கழித்துத்தான். அதற்கு முன்பே, அம்மாவை எடுத்த மறுநாள், டின்னில் மிச்சமிருந்ததைச் சித்தப்பா தனியாகத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டிவிட்டு வந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேறு கடையில் எண்ணெய் வாங்கி வடை சுட்டார்கள். பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. அவர் வடையைப் பிட்டு வாயில் போட்டார்.

"கேஸ் முடிஞ்சிடுச்சா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பாவம், அம்மாவை நினைத்துக்கொண்டார் என்று எண்ணி, என் இலையில் இருந்த வடையையும் எடுத்து அவர் இலையில் வைத்தேன்.