மதகுச் சாவி

என் அக்கா செல்லாயியின் வீட்டுக்காரர் பஞ்சாட்சரத்துக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. ரேஷன் கார்டு இருக்கிறது, கடைப் பக்கம் போகமாட்டார். ஓசியில் வந்த டி.வி.யை மாட்டுக் கொட்டகையில் சாக்கு போட்டு மூடிவைத்தார். நெல் கொள்முதல் நிலையம் ஊர் எல்லையிலேயே திறந்தபோதும், வண்டி வைத்து வாலாஜாபாத் மில்லுக்குத்தான் மூட்டைகளைக் கொண்டுபோனார், அதுவும் குறைந்த விலைக்கு. "எவன் உத்தரவும் இல்லாம மனுசன் வாழ முடியும்டா வரதா," என்பார் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிலம் என்னவோ எங்கள் அப்பா அக்கா பேரில் எழுதிக் கொடுத்தது. வீறாப்பு மட்டும் மாமாவுடையது.

ஆனால் போன வருஷம் அவர் பேச்சில் நியாயம் இருந்தது. ஏரி தளும்புகிறது, மதகைத் திறக்க மேலிடத்து உத்தரவு வரவில்லை என்று ஏரி அதிகாரி கையை விரித்தார். உத்தரவு வந்து சேர்வதற்குள் பாதி ஊர் நாற்று கருகிவிட்டது. மாமா கொதித்துப்போய் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ஆயிரம் வருசம் முன்னாடியே ஓலை போட்டு ஆள் எடுத்து, ஏரிய பாத்துக்கினு இருந்த சீமைடா நம்ம உத்திரமேரூரு! நமக்கு இன்னாத்துக்கு அதிகாரி?" தொல்லை விட்டது என்று அதிகாரியும் மதகுச் சாவியை ஊரிடம் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் கோட்டைவிட்டார்கள். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய, உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறபடியே குடவோலை என்றார்கள். பித்தளைக் குடம் வந்தது, நிலக்காரர்கள் பேர் எழுதிய சீட்டுகள் உள்ளே விழுந்தன. அதே கல்வெட்டில், யார் பேரெல்லாம் குடத்துக்குள் போகக்கூடாது, கணக்குக் காட்டாதவனை என்ன செய்வது என்று வரிவரியாக இருக்கிறதே, அதை எவன் படித்தான்? பஸ் பஸ்ஸாக வெளியூர்க்காரர்கள்தான் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள்! மாமா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "சீட்டு வுழுந்தவன போகம் முடியறவரைக்கும் எவனும் கேள்வி கேக்கக் கூடாது. கேள்வி, விசாரணைன்னு ஆரம்பிச்சா அதுவும் ஒரு ஆபீஸ் ஆயிடும்." எல்லோரும் தலையாட்டினார்கள்.

சீட்டு வெங்கடேசனுக்கு விழுந்தது. மதகை ஒட்டின முதல் வயல் அவனுடையது. கால்வாயின் கடைசி வயல் அக்காவுடையது.

பங்குனி வெயில் ஏறியது. நவரைப் போகத்து நெல் பால் பிடிக்கிற நேரம். அப்போது தண்ணீர் பாயாவிட்டால் கதிர் அத்தனையும் பதர்தான். வெங்கடேசன் தன் நிலத்துக்குப் பாய்ச்சினான், சம்பந்தி நிலத்துக்குப் பாய்ச்சினான், மதகை மூடிவிட்டான். ஏரி மீன் குத்தகையும் அவன்தான் எடுத்திருந்தான். தண்ணீர் இறங்கினால் மீன் என்னாவது?

அக்கா வயல் வெடித்தது. மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயலுக்குப் போவார், மதகுக்குப் போவார், திரும்ப வயலுக்கு வருவார். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிடுவார். கடைசியில் வெங்கடேசனிடமே போய் நின்றார்.

"வெங்கடேசா, கதிரு பதரா போய்க்கினு கீதுப்பா."

"யாரும் கேக்கக் கூடாதுன்னு நீதானண்ணே சொன்ன? இப்ப நீயே வந்து கேக்கறியே."

மாமா வந்த வழியே திரும்பி நடந்தார்.

மறுநாள் அக்கா அவரை உத்திரமேரூரில் இருக்கும் ஏரி அதிகாரி ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். "தண்ணி வரலன்னு இந்த மனுவுல கையெழுத்துப் போட்டா சாவி எங்ககிட்டயே திரும்பிடும். அப்புறம் எங்க உத்தரவுதான். யோசிச்சிக்குங்க," என்றார் அதிகாரி. மாமா பேனாவை எடுத்தார், வைத்தார், ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். "என்னால முடியாது," என்று வெளியே போய்விட்டார். வேப்பமரத்தடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் போல இருந்தது எனக்கு. பாவமாகவும் இருந்தது.

அக்கா மனுவைத் தன் பக்கம் இழுத்தாள். "பட்டா என் பேர்ல கீது சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்து சொன்னதும் மாமா துள்ளினார். "இன்னா காரியம்டி பண்ண! ஊரே என் மூஞ்சில காறித் துப்பும்!"

"கவர்மெண்டு வோணாம்னு நீ சொல்லுவய்யா. நெல்லு சொல்லுதா?"

அடுத்த நாள் அதிகாரி வந்து வெங்கடேசனிடமிருந்து சாவியை வாங்கி மதகின் ஷட்டரைத் தூக்கினார். ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. "ஊரு சாவிய ஒரு பொம்பள காட்டிக் குடுத்துட்டா!" என்று வெங்கடேசன் கத்தினான். மாமா விறுவிறுவென்று அவன் எதிரே போய் நின்றார்.

"அவள சொல்லாத. கேக்கக் கூடாதுன்னு சொன்னேன் பாரு, என்னிய சொல்லு." அதிகாரி பக்கம் திரும்பினார். "சாவி நீங்களே வெச்சிக்கங்க சார். ஆனா ஊர கேக்காம மூடாதீங்க."

"சரி, கேக்கறேன். ஊருன்னா யாரு? யாரைக் கேக்கணும்னு சொல்லுங்க."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னால் மண்வெட்டியோடு நின்றிருந்த அக்கா முன்னால் வந்தாள்.

"என்னிய கேளுங்க. கடைசி வயலு என்னுது. என் வயலு நனைஞ்சா ஊர்ல எல்லா வயலும் நனைஞ்சிடிச்சின்னு அர்த்தம். அதுவரைக்கும் அவனும் மூடக் கூடாது, நீங்களும் மூடக் கூடாது."

"இவ யாரு எங்கள ஆள்றதுக்கு?" என்றான் வெங்கடேசன்.

"ஆள வரல வெங்கடேசா. தண்ணி வந்து சேந்துச்சா இல்லியான்னு சொல்ல வந்தேன்."

"சரிம்மா, நீங்க சொன்னப்புறம்தான் மூடுவேன்," என்றார் அதிகாரி. மாமா அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, கால்வாயில் போகும் தண்ணீரோடு கடைசி வயலைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.