கப்பலில் வந்தவர்கள்

ரங்கூனில் உத்தியோகம் பார்த்த என் அண்ணா வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு, இரண்டு குழந்தைகளோடு நானும் என் கணவரும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் வந்து இறங்கிய நாளை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கப்பலில் நான்கு நாள், ரயிலில் ஒரு ராத்திரி. ஐந்து வயதுப் பெண், குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்துத் துவண்டு போயிருந்தாள். "ஆத்துக்குப் போனதும் பெரியப்பா மடியில உக்காந்துண்டுதான் சாப்பிடுவேன்" என்று ஜட்கா வண்டியில் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெரியப்பா, என் கணவரின் அண்ணா, எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கடல் தாண்டினவர்கள் பிராயச்சித்தம் பண்ணிக்கொள்ளாமல் உள்ளே வரக்கூடாதாம். போகும்போது ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பியவர் அவர்தான். நல்ல பட்டாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னவரும் அவரேதான். அப்போதெல்லாம் ரங்கூனுக்கு நடுவில் கடல் இருப்பது தெரியவில்லையா?

என் கணவர் மறுநாள் திருச்சியில் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். அதனால் அவருக்கு மட்டும் எல்லாம் மளமளவென்று நடந்தது. கொள்ளிடத்தில் ஒரு முழுக்கு, புதுப் பூணூல், ஒரு வாய் பஞ்சகவ்யம். உச்சிவேளைக்குள் சுத்தமாகி உள்ளே போய்விட்டார்.

"பொம்மனாட்டிக்கும் குழந்தைகளுக்கும் என்ன அவசரம்? ஏகாதசி கழியட்டும், நாள் பார்த்துப் பண்ணிக்கலாம்" என்றார் மைத்துனர். அதுவரை, பத்து நாள், எங்களுக்குக் கொல்லைத் தாழ்வாரம். வாங்கி வந்த பட்டுப் புடவைகளுக்கு மட்டும் யாரும் நாள் பார்க்கவில்லை. பட்டுக்குத் தீட்டே கிடையாதாம்! பெட்டியைத் திறந்து அப்போதே எடுத்துக்கொண்டு போனார்கள்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"பத்து நாள்தானே, பொறுத்துக்கோயேன். அண்ணா மனசு கோணும்படி என்னால பேச முடியாது."

எனக்காகக் கேட்கவில்லை. நான் கொல்லையில் கிடந்தால் கிடக்கிறேன். அந்தக் குழந்தைகள் என்ன பாவம் பண்ணின?

சாப்பாட்டு வேளையில் மைத்துனர் மனைவி வந்து, எங்கள் மேல் பட்டுவிடாமல் எட்ட நின்று இலையில் சாதத்தைப் போட்டுவிட்டுப் போனாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தான். பெண் இலையைத் தொடவில்லை. உள்ளே அண்ணனும் தம்பியும் பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவது நன்றாகக் கேட்டது.

"அம்மா, அப்பா நம்மளோட கப்பல்ல வரலையா?" என்று கேட்டாள்.

அவளுக்கு மெதுவாகப் பேச வராது. உள்ளே சிரிப்பு சட்டென்று நின்றது. நான் கொல்லை வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே நம்பினேன்.

"மன்னி, இன்னும் கொஞ்சம் சாத்தமுது விடுங்கோ" என்றார்.